ஊரில் பல் வைத்தியம் முடித்து வெளிநாடு திரும்புகிறீர்களா? மருந்துப் பையைக் கட்டும் முன்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் கல்யாணம், குலதெய்வக் கோயில், நகைக்கடை என்று போடும் பட்டியலில் பல் டாக்டரும் இப்போது சேர்ந்துவிட்டார். நியாயமான முடிவுதான். சிங்கப்பூரிலோ லண்டனிலோ டல்லஸிலோ ஒரு ரூட் கேனாலுக்கு ஆகும் செலவைப் பார்த்தால், சென்னையிலோ மதுரையிலோ செய்துகொண்டு போவது பெரிய மிச்சம். எந்தக் கிளினிக் நல்லது, எந்த இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) நல்லது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். மருந்தைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பல்லை எடுத்துக்கொண்டு, மெடிக்கலில் கொடுத்த மாத்திரைகளைக் கவரோடு கைப்பையில் போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆகிவிட்டால், அது எந்த ஊர் விமான நிலையம் என்பதைப் பொறுத்து, மாத்திரையைக் குப்பையில் போடுவதோடு முடியலாம். வழக்கு வரைக்கும் போகலாம். முதல் முறையாக இப்படி வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பல் வைத்தியத்துக்குக் கொடுக்கும் மருந்து ஐந்து நாளுக்கோ ஏழு நாளுக்கோதான் இருக்கும். எந்த நாட்டுக் கணக்கிலும் அது பெரிய அளவு இல்லை. தொல்லை வருவது வேறு இரண்டு விஷயத்தால். அட்டையில் இருப்பது என்ன மருந்து என்று அங்கே இருக்கும் அதிகாரிக்குப் புரியாமல் போகலாம். அல்லது நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதிக்கொடுக்கும் மருந்து அந்த நாட்டில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கலாம். இரண்டையுமே கிளினிக்கையும் மருந்துக் கடையையும் விட்டு வெளியே வருவதற்குள் சரிசெய்துவிட முடியும்.

முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்

"டாக்டர், நான் இன்ன தேதியில் இன்ன நாட்டுக்குத் திரும்புகிறேன், மிச்ச மருந்தைக் கையில் கொண்டுபோக வேண்டியிருக்கும்." முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிகிச்சையின் வரிசையையே அவர் மாற்றி அமைப்பார். பல் எடுப்பது, இம்ப்ளான்ட் வைப்பது போன்ற கத்தி வைக்கிற வேலைகளை விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வது, அடைப்பது போன்றவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே பெரிய வேலை முடிந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸ் இங்கேயே முடிந்துவிடும், கொண்டுபோக எதுவும் மிஞ்சாது. இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு வைத்தியக் காரணமும் உண்டு. பல் எடுத்த குழி காய்ந்து வலிப்பது பெரும்பாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில்தான் தெரியவரும். மேல்தாடையில் இம்ப்ளான்ட்டுக்கு எலும்பு போதாமல் சைனஸ் லிஃப்ட் என்ற எலும்பு கூட்டும் சிகிச்சை செய்திருந்தால் விமானத்தில் ஏறக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வார்கள். இதெல்லாம் நடுவானில் தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது.

சீட்டில் இருக்கும் ஒவ்வொரு மருந்தையும் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பல் எடுத்த பிறகு நம் ஊர்ச் சீட்டில் வழக்கமாக என்ன இருக்கும்? ஆக்மென்டின் 625 அல்லது அதே மாதிரி வேறு பிராண்டு, சில நேரம் கூடவே மெட்ரோஜில் 400, வலிக்கு ஜீரோடால்-எஸ்பி, வயிற்றுக்குப் பேன்-டி, வாய் கொப்பளிக்க ஒரு பாட்டில். கடும் வலி என்றால் அல்ட்ராசெட். பயந்த சுபாவம் என்றால் சிகிச்சைக்கு முந்தைய இரவு போட அல்பிரசோலம் இரண்டு மாத்திரை.

ஆன்டிபயாடிக்கில் பிரச்சினை இல்லை. ஆக்மென்டின் 625 என்பது அமாக்ஸிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. உலகம் முழுக்கப் பல் டாக்டர்களுக்குத் தெரிந்த மருந்து. மெட்ரோஜிலில் இருக்கும் மெட்ரோனிடசோலும் அப்படியே.

பேன்-டி-யைப் பாருங்கள். மிட்டாய் மாதிரி எல்லோர் வீட்டிலும் இருக்கும் மருந்து. அதில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலோடு குமட்டலுக்கான டாம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. அந்த டாம்பெரிடோனுக்கு அமெரிக்காவில் அனுமதியே கிடையாது; இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்று அந்நாட்டு மருந்துத் துறையான எஃப்டிஏ 2004-லேயே எச்சரித்திருக்கிறது. அமில எரிச்சலுக்குத்தான் என்றால் தனிப் பேன்டோபிரசோல் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் "போதும்" என்றுதான் சொல்வார்.

அடுத்தது ஜீரோடால்-எஸ்பி. அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் ஒரே மாத்திரையில். அசிக்ளோஃபெனாக் பிரிட்டனில் உண்டு, அமெரிக்காவில் இல்லை. வீக்கம் வடிய என்று சேர்க்கும் செராஷியோபெப்டிடேஸ் ஜப்பானில் பிறந்த மருந்து. சோதனையில் பலனைக் காட்ட முடியாததால் தயாரித்த நிறுவனமே 2011-இல் அங்கே விலக்கிக்கொண்டது. இதைக் கொண்டுபோனதற்காக யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை. ஆனால் மூன்று மருந்து கலந்த, பெயர் தெரியாத மாத்திரை ஒன்று சுங்க மேசையில் உட்கார்ந்துகொண்டு கேள்விகளை வரவழைக்கும். நிமெசுலைடு என்ற வலி மாத்திரையும் இதே ரகம். இந்தியாவில் பெரியவர்களுக்கு இன்னும் தாராளமாக எழுதுகிறார்கள். கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் சிங்கப்பூரும் அயர்லாந்தும் 2007-இலேயே நிறுத்திவைத்தன. அமெரிக்காவில் அது நுழையவே இல்லை.

சரி, அப்புறம் வலிக்கு எதைக் கொண்டுபோவது? இபுப்ரோஃபன், பாராசிட்டமால். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களின் பல் வலிக்கு இபுப்ரோஃபன் ரக மருந்தையும், தேவைப்பட்டால் கூடப் பாராசிட்டமாலையும்தான் முதலில் சொல்கிறது. இரண்டும் போய்ச் சேருகிற ஊரில் கடையிலேயே கிடைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மருந்து இதில் எது இருந்தாலும் இபுப்ரோஃபனை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இப்போது உண்மையில் ஆபத்தான இடத்துக்கு வருவோம்: அல்ட்ராசெட். ஒவ்வொரு மாத்திரையிலும் டிராமடோல் 37.5 மி.கி. இருக்கிறது, மீதி பாராசிட்டமால். டிராமடோல் அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. இந்தியாவிலேயே 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2014 முதல் கட்டுப்பாட்டு மருந்து. அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. 2017-இல் 290 டிராமடோல் மாத்திரையோடு எகிப்தில் இறங்கிய ஒரு பிரிட்டன் பெண்ணுக்கு அங்கே மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. தன் துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுபோனதாகத்தான் அவர் சொன்னார். பல் வலிக்காக இந்த வம்பு வேண்டவே வேண்டாம். "டிராமடோல் இல்லாமல் எழுதிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படியும் தேவைப்பட்டால் இங்கே இருக்கும் நாளுக்கு மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பதற்றம் குறைக்கும் மாத்திரைகளுக்கும் இதே விதி. சிகிச்சை முடிந்த பிறகு அவை உங்களுக்குத் தேவையில்லை. பையின் மூலையில் மறந்துபோன இரண்டு மாத்திரைதான் வினை வைக்கும்.

அட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இந்தியாவில் டாக்டர் சீட்டுக்கு விற்கும் மருந்தின் அட்டையில் மருந்துப் பெயரின் அருகே ஆர்எக்ஸ் என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றில் அதற்கு முன்னால் 'என்' எழுத்தும் சேர்ந்து, சிவப்பில் என்ஆர்எக்ஸ் என்று இருக்கும். அந்தச் சிவப்புக் குறியைக் கண்டால் அது பெட்டிக்குள் போகக் கூடாது. குறி இல்லாததாலேயே எல்லாம் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது: நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரீகாபாலினில் அந்த 'என்' இருக்காது, ஆனால் அமீரகத்தில் அது கட்டுப்பாட்டு மருந்து.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்

நம் கிளினிக்குகளில் சீட்டு எழுதும் பழக்கம் நமக்குள் பேசிக்கொள்ளப் போதுமானது. "செல்வி, 34" என்று பெயர், கீழே பிராண்டு பெயர்கள், பக்கத்தில் 1-0-1. பாஸ்போர்ட்டில் இருப்பதோ செல்வி ராமசாமி. இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும் நம் பெயர்களில் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. இது இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை வெளிநாட்டு அதிகாரி ஏன் நம்ப வேண்டும்?

அதனால் வழக்கமான சீட்டோடு, லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி, என்ன சிகிச்சை எந்தத் தேதியில் செய்தார்கள், ஒவ்வொரு மருந்தின் ஜெனரிக் பெயர் (பிராண்டு பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள், மொத்தம் எத்தனை மாத்திரை, கடைசியில் டாக்டரின் பெயர், பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கையெழுத்து, முத்திரை. ஜெனரிக் பெயரை விட்டுவிடாதீர்கள். ஜீரோடால் என்றால் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் யாருக்கும் தெரியாது. அசிக்ளோஃபெனாக் என்றால் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடம் நீங்களே ஒரு மாதிரியைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் டாக்டர் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மருந்துக் கடையில்

கடைக்காரரிடம் பத்து மாத்திரை என்றால் பத்தைக் கொடுப்பார், ஆறு என்றால் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டிக் கொடுப்பார். உள்ளூர் வாடிக்கையாளருக்கு அது உபகாரம். உங்களுக்கு உபத்திரவம். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதியோடு நிற்கும், காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் மறு துண்டோடு போயிருக்கும். பெயரில்லாத வெள்ளை மாத்திரை நாலு பையில் இருந்தால் அதை விளக்கவே முடியாது. "முழு அட்டையாகவே கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மாத்திரை கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் கேளுங்கள்.

பில் கட்டாயம். உங்கள் பெயரும் டாக்டர் பெயரும் பேட்ச் எண்ணும் அச்சான பில்லாக இருக்கட்டும். கைப்பேசி எண்ணை மட்டும் போட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் திருப்பிக் கொடுத்து முழு பில் கேளுங்கள்.

வாரநாள் வாரியாகப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆக்மென்டின் ரக மாத்திரை ஈரம் பட்டால் கெட்டுப்போகும், அதனால்தான் அலுமினியத் தாளில் தனித்தனியாக அடைத்திருக்கிறார்கள்.

போகும் நாட்டின் விதி

அமீரகம், கத்தார், சவுதி: வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி ஏற்கெனவே ஒரு பயம் உண்டு, கசகசாவுக்கே அங்கே தடை என்பதால். அந்தப் பயம் நல்லது. ஆன்டிபயாடிக், பாராசிட்டமால், பேன்டோபிரசோல் போன்றவற்றைச் சீட்டோடு கொண்டுபோகலாம். கட்டுப்பாட்டு மருந்து எதுவானாலும் அமீரகத்தில் அரசின் இணையச் சேவை வழியாகப் புறப்படுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். இறங்கிய பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

சிங்கப்பூர்: சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வீரியமுள்ள வலி நிவாரணி போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். மலேசியாவில் ஒரு மாத அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா: தங்கள் நாட்டில் அனுமதி இல்லாத மருந்தைக் கொண்டுவருவதைச் சட்டம் ஏற்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு, பொதுவாக 90 நாளுக்கு மிகாத அளவு என்றால் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது அதிகாரியின் முடிவு, உங்கள் உரிமை இல்லை. கட்டுப்பாட்டு மருந்தென்றால், அமெரிக்காவில் வசிப்பவர் வெளிநாட்டில் வாங்கியது எல்லாம் சேர்த்து 50 மாத்திரைக்கு மேல் கூடாது. அதுவும் வாங்கிய உறையிலேயே இருக்க வேண்டும், சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

பிரிட்டனில் கட்டுப்பாட்டு மருந்துக்கு மூன்று மாதத்துக்குக் குறைவென்றால் டாக்டர் கடிதம், அதற்கு மேல் என்றால் உரிமம். ஆஸ்திரேலியாவில் மூன்று மாத அளவு. சீட்டோ கடிதமோ வேண்டும். ஜப்பானில் டாக்டர் எழுதிய மருந்து ஒரு மாத அளவு வரைதான். அங்கே இன்னொன்று: மூக்கடைப்பு மாத்திரைகளில் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து தடை. சைனஸ் லிஃப்ட் செய்தவர்களுக்கு மூக்கடைப்பு மாத்திரை எழுதினால், அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வழியில் விமானம் மாறும் நாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டுப் போவதாகத் திட்டம் இருந்தால் அந்த நாட்டின் சட்டம் உங்களுக்கும் உங்கள் பைக்கும் பொருந்தும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், புறப்படும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் மருந்தின் ஜெனரிக் பெயரைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த பட்டியலை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

பையில் அடுக்குவது, சுங்கத்தில் சொல்வது

மாத்திரைகள் கைப்பையில். பெட்டி தொலைந்தால் ஆன்டிபயாடிக் பாதியில் நின்றுவிடக் கூடாது. கடிதம், சீட்டு, பில் மூன்றும் மாத்திரையோடு ஒரே உறையில். கைப்பேசியில் ஒரு படமும் இருக்கட்டும். வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடின் பாட்டில் பெரும்பாலும் 100 மில்லிக்கு மேல் இருக்கும். மூடியில் டேப் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, செக்-இன் பெட்டியில் போடுங்கள். விமானத்திலேயே கொப்பளிக்க வேண்டும் என்றால் 100 மில்லிக்குக் குறைந்த பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம்.

இறங்கியதும், மருந்து இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் வருகைப் படிவத்தில் மருந்தைப் பற்றி நேரடியாகவே கேட்பார்கள். "ஆம்" என்று குறிக்கத் தயங்க வேண்டாம். "பல் எடுத்தேன், இது அதற்கான ஆன்டிபயாடிக், இதோ டாக்டர் கடிதம்." இவ்வளவுதான் பேச்சு. உறையை நீட்டிவிட்டுக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். எடுத்துக்கொள்கிறேன் என்று அதிகாரி சொன்னால் வாதாடாமல் விட்டுவிட்டு, மறுநாள் உள்ளூர் டாக்டரிடம் கடிதத்தைக் காட்டி அதே மருந்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பொட்டலம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் மருந்து கொண்டுபோகிறீர்கள் என்று தெரிந்தால், "எங்க அக்காவுக்கும் இதைக் கொஞ்சம் கொடுத்துடு தம்பி" என்று ஒரு கவர் வரும். மூட்டுவலி மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை. மறுப்பது சங்கடம்தான், பெரியவர்கள் கேட்கும்போது. ஆனால் மேலே சொன்ன சலுகை எல்லாம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வேறொருவர் பெயரில் இருக்கும் மருந்தோ, பெயரே இல்லாத மருந்தோ உங்கள் பையில் இருந்தால், உங்கள் சொந்தக் கடிதமே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். எகிப்தில் நடந்ததும் அடுத்தவருக்காகக் கொண்டுபோன மருந்தால்தான். "அத்தை, சட்டம் விடாது, அக்காவை அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். கோபம் நாலு நாளில் தணிந்துவிடும்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட்டு முடியுங்கள். அடுத்த முறை பல் வலித்தால் ஆகும் என்று நாலு அட்டை கூடுதலாக வாங்கிப் போய் அலமாரியில் வைப்பவர்கள் நிறைய. அது வேண்டாம். வீங்கிய ஈறுக்கு டாக்டர் பார்க்காமல் ஆன்டிபயாடிக் போட்டால் வலி அடங்கும், சீழ் உள்ளே இருக்கும். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் ஊர் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அங்கே உங்களைப் பார்க்கும் பல் டாக்டருக்கும் அந்த ஆங்கிலக் கடிதம்தான் உதவும். இம்ப்ளான்ட் வைத்திருந்தால், பெட்டியோடு வரும் சின்ன ஸ்டிக்கரை ஊரில் கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். எந்தக் கம்பெனி, என்ன நீளம், என்ன அகலம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அஞ்சு வருஷம் கழித்து ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால், எந்தக் கருவியை எடுப்பது என்று அந்த டாக்டருக்குத் தெரிய அதுதான் எளிய வழி.